மறு: ‘சர்வைவல் கிட்’ – ‘கைக்காவல்’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மலையேற்றக் கையேட்டுத் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘சர்வைவல் கிட்’ (வழியில் எதிர்பாராத ஆபத்து வந்தால் உயிர் காக்கக் கூடவே வைத்திருக்கும் சில பொருள்கள்) மட்டும் மூன்று வாரமாக முடிவாகாமல் நிற்கிறது. வந்த மடல்களை எல்லாம் நேற்று இரவு மறுபடி படித்தேன். என் பக்கம் ஒரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால், ஏற்கெனவே வந்தவற்றுக்கு என் பதில்.

> ‘உயிர்பிழைப்புக் கருவித்தொகுதி’ என்றால் பொருள் முழுதாக வந்துவிடுகிறதே?

வந்துவிடுகிறது ஐயா, ஆனால் வாயில் வராது. மழையில் நனைந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அவசரமாகக் கேட்க வேண்டிய பொருள் இது. இன்னொரு சிக்கல், ‘பிழைப்பு’. உயிரியல் பாடத்தில் ‘தக்கன பிழைத்தல்’ ஊன்றிவிட்டது, அதில் எனக்குக் குறை இல்லை. பேச்சில் மட்டும் ‘பிழைப்பு’ என்றால் சோற்றுக்கு வழி என்றுதான் காதில் விழும். ‘பிழைப்புப் பெட்டி’ என்று சொன்னால் தச்சர் தூக்கிப்போகும் உளிப்பெட்டிதான் நினைவுக்கு வரும்.

> ‘உயிர்காப்புப் பை’?

‘உயிர்காப்பு’ நீரோடு சேர்ந்துவிட்ட சொல். உயிர்காப்பு மிதவை, உயிர்காப்பு அங்கி என்று படகுத்துறைப் பலகைகளிலேயே பார்க்கிறோம். காட்டுக்குக் கொண்டுபோனால் குழப்பம் வரும்.

> ‘ஆபத்துதவி’ என்ற பழைய சொல்லை மீட்டெடுக்கலாம்.

அழகான சொல், அம்மா. எனக்கும் ஆசைதான். ஆனால் அது பாண்டியரின் மெய்க்காவலர்களைக் குறித்தது. ஆளைக் குறித்த சொல்லைப் பொருளுக்கு மாற்றினால், ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்: கைக்காவல்.

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இது அன்றாடப் பேச்சு. வெளியூர் கிளம்பும்போது ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஐம்பது ரூபாய்த் தாளை என் சட்டைப்பைக்குள் திணிப்பாள். “காசு இருக்கு ஆச்சி” என்றால், “இருந்தா என்ன, கைக்காவலுக்கு இருக்கட்டும்” என்பாள். செலவுக்கான பணம் வேறு, கைக்காவல் பணம் வேறு. முதலாவதை எண்ணிக் கணக்குப் போட்டு எடுத்துப்போவோம். இரண்டாவது, கணக்கு தப்பிப்போனால் ஊர் திரும்ப.

அந்தச் சொல்லை இந்தப் பொருளோடு நான் சேர்த்தது ஒரு மலை இரவில். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் ஓரத்தில், அனுமதி வாங்கிப் போன நாலு மணிநேர நடை. நாங்கள் மூன்று பேர், வழிகாட்டத் தோட்டத்துத் தொழிலாளி அண்ணன் ஒருவர். என்னிடம் பெரிய முதுகுப்பை இருந்தது: அடுப்பு, கயிறு, பல கருவிகள் மடிந்த கத்தி, எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவை. சின்ன நடைதானே என்று அதை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். கையில் தண்ணீர் பாட்டிலும் செல்பேசியும் மட்டும். மூன்றரை மணிக்கு மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் நின்ற ஆள் தெரியவில்லை. பிறகு மழை. அண்ணன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “இனி நடந்தா தப்பா நடப்போம். உட்காருவோம்” என்றார்.

அப்போதுதான் அவர் இடுப்பைக் கவனித்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்தப் படங்கை, அதாவது தார்ப்பாய்த் துண்டை, எட்டாக மடித்துக் கயிற்றில் சொருகியிருந்தார். வேட்டி மடிப்பில் பால் கவரில் சுற்றிய தீப்பெட்டி, கையளவு அரிவாள், அட்டைக்குப் பூச ஒரு டப்பாவில் சுண்ணாம்பு. அவ்வளவுதான். படங்கை இரண்டு செடிக்கு நடுவே சாய்வாகக் கட்டினார். தரையில் தழையை வெட்டி முழங்கால் உயரம் போட்டார். “ஈரத் தரையில உட்கார்ந்தா உடம்புச் சூட்டை மண்ணு குடிச்சிரும்” என்றார். விடியும்வரை நாலு பேரும் அதன் கீழே ஒட்டி உட்கார்ந்திருந்தோம். காலையில் மூட்டம் விலகியபோது ஜீப் நின்ற இடம் கீழே தெரிந்தது. அரைமணி நடை.

இறங்கும்போது கேட்டேன், தினமும் இதையெல்லாம் தூக்கிக்கொண்டா வேலைக்குப் போகிறீர்கள் என்று. “இருக்கட்டும் தம்பி, ஒரு கைக்காவலுக்கு” என்றார். ஆச்சியின் சொல்லை ஆனைமலைக்காரர் வாயில் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நான் இதைப் பரிந்துரைக்கும் காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை. எதைப் பையில் வைப்பது, எதை விடுவது என்கிற விதி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கூடாரமும் அடுப்பும் திட்டமிட்டுப் பயன்படுத்தப் போகிறவை. அவை பயணச் சாமான். திட்டம் உடைந்த பிறகு தேவைப்படுவதுதான் கைக்காவல். அப்புறம், அது ‘கை’யில் இருக்க வேண்டும். ஜீப்பில் விட்டுவந்த பை எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் அன்று இரவு எனக்குக் காவல் இல்லை.

மேல்நாட்டு மலையேறிகளின் கணக்கும் இதேதான். அமெரிக்காவின் சியாட்டிலில் 1906இல் தொடங்கிய ‘மவுண்டனீர்ஸ்’ சங்கம் 1930களில் தன் பயிற்சி வகுப்புகளுக்காகப் பத்துப் பொருள்களைத் தொகுத்தது. ‘டென் எசென்ஷியல்ஸ்’ என்று உலகம் முழுக்கச் சொல்வது அந்தப் பத்தைத்தான். 1974இல் அது அச்சில் பட்டியலாக நிலைபெற்றது: வரைபடம், திசைகாட்டி, கண்ணாடியும் வெயில் பூச்சும், கூடுதல் உடை, விளக்கு, முதலுதவி, தீமூட்டி, தீக்குச்சி, கத்தி, கூடுதல் உணவு. 2003இல் பொருள் பெயரை விட்டுவிட்டு, வழியறிதல், வெயில் காப்பு, குளிர் காப்பு, ஒளி, முதலுதவி, நெருப்பு, பழுதுபார்ப்பு, உணவு, நீர், அவசர ஒதுங்கிடம் என்று தேவைகளாக மாற்றினார்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருப்பது இரண்டே கேள்விகள்: விபத்து நேர்ந்தால் சமாளிக்க முடியுமா? எதிர்பாராமல் ஒரு இரவு வெளியே தங்க நேர்ந்தால் பத்திரமாக இருக்க முடியுமா? ஆச்சி கேட்கும் கேள்வியும் இதுதானே.

ஆகவே அந்தத் தொகுப்பை நம் கையேட்டில் கைக்காவல் பத்து என்று போடலாம் என்கிறேன். பதிற்றுப்பத்து, வேட்கைப்பத்து என்று சங்கப் பாடல்களிலேயே பத்துப் பத்தாகக் கோப்பது நமக்குப் பழகிய வழக்கம்.

> ‘பத்து அத்தியாவசியங்கள்’ என்று நேரே போட்டால் என்ன?

‘அத்தியாவசியம்’ என்றதும் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்தான் கண்முன் வரும். போகட்டும், எனக்குப் பெரிய மறுப்பு வேறு. பட்டியலை வரி மாறாமல் தமிழாக்கினால் தவறு செய்வோம். சியாட்டில் மலைகள் பனி மலைகள். அவர்கள் பட்டியலில் நெருப்பு ஒதுங்கிடத்துக்கு முன்னால் வருகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்து கிடக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்க முடியாது. சரணாலயத்துக்குள் ஆபத்து விளைவிக்கும்படி தீ மூட்டுவதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. மழைக்காலத்திலோ சோலைக்காட்டு விறகு லேசில் பற்றாது. அன்று அண்ணனின் தீப்பெட்டி உலர்ந்துதான் இருந்தது, பற்ற வைக்கத்தான் ஒன்றும் இல்லை. ஆகவே நம் பத்தில் ஒதுங்கிடம் முதலில் வரட்டும், நெருப்பு பின்னால் வரட்டும். மேல்நாட்டுப் பயிற்சிகளில் சொல்லும் மூன்றின் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது: காற்று இல்லாமல் மூன்று நிமிடம், கடுங்குளிரில் ஒதுங்கிடம் இல்லாமல் மூன்று மணிநேரம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள், உணவு இல்லாமல் மூன்று வாரம். தோராயம்தான், ஆனால் வரிசையைச் சரியாகக் காட்டுகிறது. உடம்பு வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சும் முடிவெடுக்கும் திறனும் குழறத் தொடங்கும். அதற்குப் பனி வேண்டியதில்லை, நனைந்த சட்டையும் காற்றும் போதும்.

இதோடு தொங்கிக்கொண்டிருக்கும் சில சொற்களையும் முடித்துவிடலாம்.

‘டார்ப்’: படங்கு. தமிழ்நாட்டில் தார்ப்பாய், படுதா என்கிறோம், ஈழத்தில் தறப்பாள் என்பார்கள். படங்கு இரு கரையிலும் தேயிலை மலைகளில் புழங்கும் சொல், நாலெழுத்தைத் தாண்டவில்லை, உடம்பில் கட்டிக்கொள்வதையும் குறிக்கிறது. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

‘ஃபெர்ரோ ராட்’ (சுரண்டித் தீப்பொறி எழுப்பும் குச்சி): இதற்கு ‘ஞெலிகோல்’ (தீக்கடைகோல்) என்று முன்மொழிந்த நண்பருக்கு நன்றி. அந்த மடல்தான் என்னைப் புறநானூற்றின் 315ஆம் பாட்டுக்கு அனுப்பியது. அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார், வீட்டுக் கூரையின் இறப்பில் (தாழ்ந்த விளிம்பில்) செருகிவைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். தோன்றாமல் இருக்கவும் வல்லவன், வேண்டியபோது அதிலிருந்து எழும் தீயைப் போலத் தோன்றவும் வல்லவன். இறப்பில் செருகிவைத்து, யாரும் ஏறிட்டும் பார்க்காமல், தேவை வந்த அன்று கைக்கு எட்டும் பொருள். கைக்காவல் என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கலைச்சொல்லாக அதை இங்கே வைக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஞெலிகோல் மரத்தோடு மரம் கடைந்து தணலை உண்டாக்குவது. ஃபெர்ரோ ராடு உலோகம். 1903இல் ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய கலவை, சிகரெட் லைட்டரில் போடும் கல்லும் அதுவே. கத்தி முதுகால் சுரண்டினால் அதன் துகள்கள் காற்றில் எரிந்து பொறியாகத் தெறிக்கின்றன. பொறி வருவதால் பொறிகோல் என்போம். கடைந்து மூட்டும் கலை தனி இயலாக வரும், அங்கே ஞெலிகோல் தன் சொந்தப் பொருளிலேயே நிற்கட்டும்.

‘ஸ்பேஸ் பிளாங்கெட்’டுக்கு வந்த ‘விண்வெளிப் போர்வை’ வேண்டாம். அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அது. ஜிகினாப் போர்வை என்றால் கடையில் கேட்டு வாங்கலாம். அது உடம்பின் வெப்பக் கதிரைத் திருப்பும், தரை உறிஞ்சுவதைத் தடுக்காது. அடியில் தழை வேண்டும் என்று விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

‘ஹெட்லேம்ப்’ நெற்றி விளக்கு. குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொண்டு போவதே இதற்குச் சான்று. ‘விசில்’ விசிலாகவே இருக்கட்டும். சீழ்க்கை வாயால் அடிப்பது. குளிரில் விறைத்த உதட்டில் சீழ்க்கை வராது என்பதற்காகவே விசிலைக் கழுத்தில் தொங்கவிடுகிறோம், எனவே இந்த இரண்டும் கலக்கக் கூடாது. மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அமெரிக்காவில் பொருள். ஆல்ப்ஸ் மலையிலும் பிரிட்டனிலும் நிமிடத்துக்கு ஆறு, பதிலுக்கு மூன்று. இதையும் பதிவில் போட வேண்டும்.

> ‘கைக்காவல்’ என்றால் பணம் என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள்?

நேற்றுத் தொலைபேசியில் ஒரு நண்பர் கேட்டது, நியாயமான கேள்வி. பணத்துக்கு அதிகம் புழங்குகிறது, உண்மை. ஆனால் கிராமத்தில் கைக்காவலுக்கு ஒரு கம்பு, கைக்காவலுக்கு நாலு படி நெல் என்றும் சொல்வதுண்டு. ‘காட்டுக் கைக்காவல்’ என்றோ ‘கைக்காவல் பை’ என்றோ அடை சேர்த்தால் ஐயம் தீரும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ‘சர்வைவல் ஸ்கில்ஸ்’ என்பதற்கு இந்தச் சொல் உதவாது. 2023 மே மாதம் கொலம்பியாவின் அமேசான் காட்டில் விமானம் விழுந்து, நாலு பழங்குடிக் குழந்தைகள் 40 நாள் கழித்து உயிரோடு கிடைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு ஒரு வயது. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டார்கள், அது கைக்காவல். மாவு தீர்ந்த பிறகு அவர்களைக் காப்பாற்றியது, எந்தக் காயைத் தின்னலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருந்த அறிவு. அதற்கு தாக்குப்பிடிப்பு என்ற சொல்லை வைத்திருக்கிறேன், ‘தாக்குப்பிடிப்புத் திறன்’. அதைத் தனி இழையில் பேசலாம்.

ஈழத்து, மலையகத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ‘கைக்காவல்’ புழங்குகிறதா, அல்லது இதே பொருளுக்கு வேறு வீட்டுச் சொல் இருக்கிறதா? கொழுந்து எடுக்கப் போகிறவர்கள், தேன் எடுக்கப் போகிறவர்கள், மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள். ‘க்’ போட்டு எழுதுவதா, ‘கைகாவல்’ என்று உச்சரிப்புப்படி விடுவதா என்பதையும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு வரை வரும் மடல்களைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்