பழைய ஃப்ரன்ட் லோடர்: மோட்டார் புல்லியை மாற்றி ஸ்பின்னை 400-லிருந்து 500 ஆக்கலாமா?

டிரம்46:
1980-களில் ஐரோப்பாவில் செய்த வாஷிங் மெஷின். எலக்ட்ரானிக் போர்டு கிடையாது, டைமர்தான். இரட்டை வேக இண்டக்‌ஷன் மோட்டார்: ஸ்பின்னுக்கு 2 போல் (காந்த முனை), துவைக்க 16 போல். மோட்டார் பிளேட்டில் 2800 / 350 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). மோட்டார் புல்லி 40 மிமீ, டிரம் புல்லி 280 மிமீ, டிரம் விட்டம் 46 செ.மீ. ஸ்பின் முடிந்த பிறகும் ஜீன்ஸிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. 50 மிமீ புல்லி கடைந்து போட்டால் 500 வர வேண்டும். அல்லது கன்டென்சரைப் பெரிதாக்கினாலே போதுமா?

காயில்கட்டு:
கன்டென்சரால் ஆகாது சார். சீலிங் ஃபேனில் 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கன்டென்சரை 3.15 ஆக்கினால் வேகம் கூடுகிறதே என்றுதான் பலரும் இதைக் கேட்கிறார்கள். ஃபேன் நிறைய ஸ்லிப்பில் (உச்ச வேகத்தைவிட மிகவும் பின்தங்கி) ஓடுவது, டார்க் (சுழற்றும் விசை) ஏறினால் வேகமும் ஏறும். உங்கள் 2 போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 3000தான் உச்சம், அது ஏற்கெனவே 2800-ல் நிற்கிறது. எம்எஃப்டியைக் கூட்டினால் வைண்டிங்தான் சூடாகும்.

ஆனால் கன்டென்சர் வலுவிழந்திருந்தால் 400-ஐயே எட்டாது. பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்து, ஒயரைக் கழற்றி அளந்து பாருங்கள். அச்சிட்ட அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே எம்எஃப்டி, 450 வோல்ட்டில் புதுசு போடுங்கள். டிரெயின் பம்ப் ஃபில்டரையும் பாருங்கள். அடியில் தண்ணீர் நின்றால் டிரம் வேகமெடுக்காது.

லேத்வேலை:
500 கணக்கு சரி. ஆனால் துவைக்கும்போதும் அதே புல்லிதானே சுற்றுகிறது? 50 ஆர்பிஎம் 62.5 ஆகிவிடும். 46 செ.மீ. டிரம்மில் 62-ஐத் தாண்டினால் துணி உச்சிக்குப் போயும் கீழே விழாது, சுவரோடு ஒட்டியே சுற்றும். விழுந்து அடிபடாத துணியில் அழுக்கு போகாது.

45 மிமீ போடுங்கள். துவைப்பு 56, ஸ்பின் 450. பிழியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 27 சதவீதம் கூடுதல் கிடைக்கும்.

கடையும்போது துளையையும் பள்ளங்களையும் லேத்தின் ஒரே சக் பிடியில் முடிக்கச் சொல்லுங்கள். கழற்றித் திருப்பிப் பிடித்தால் ரன் அவுட் (மையம் விலகிய சுழற்சி) வந்து, 2800-ல் பெல்ட் துடிக்கும். ஜே வகை ரிப் பெல்ட் (நீளவாக்கில் வரிகள் உள்ளது) என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் 2.34 மிமீ. பெல்ட்டின் சுற்றளவில் சுமார் 7 மிமீ கூடுதலாகத் தேவைப்படும். பழைய பெல்ட்டையே போடுவதானால் மோட்டாரை டிரம் பக்கம் நகர்த்த ஸ்லாட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேரிங்6205:
புல்லியைத் தொடுமுன் டிரம் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டப் (டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டி) அசையாமல் டிரம் மட்டும் ஆடினால் பேரிங் போயிற்று. டப்பின் பின்புறம் பழுப்பு நிறத்தில் துருக்கோடு வழிந்திருந்தால் சீல் கசிகிறது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி, விளிம்புக்கும் கதவு ரப்பருக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் பின்னாலுள்ள அலுமினியத் தாங்கி அரித்திருக்கலாம். அதோடு வேகம் கூட்டவே கூடாது.

இந்த வயது மெஷினில் அன்பேலன்ஸைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி இல்லை. அரை கிலோ துணி ஒரே பக்கம் குவிந்தால் 400-ல் சுமார் 20 கிலோ இழுவை, 450-ல் 26, 500-ல் 32.

45 போட்டபின் முதல் ஸ்பின் வெறும் டிரம்மில், அடுத்தது பாதி லோடில். வேகமெடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், மோட்டாரும் அதற்கேற்பச் சூடாகும். சூட்டில் மோட்டாரின் ஓவர்லோட் பாதுகாப்பு கட் ஆனால் 42-க்கு இறங்குங்கள். ஜீன்ஸுக்கு மட்டும் தனி ஸ்பின் டிரையர் வாங்குவது என் யோசனை: 23 செ.மீ. கூடை 2800-ல் சுற்றினால் விசை புவியீர்ப்பைப்போல் சுமார் 1000 மடங்கு, உங்கள் டிரம்மில் 450-லும் 52 மடங்குதான்.