பனிக்காலத்தில் ஏர் பம்ப்: ஓடட்டுமா, நிறுத்தலாமா?

செங்கெண்டை: ஒன்றரை மீட்டர் ஆழக் குளம், உள்ளே கோய் மீன்கள். குளிர்காலத்தில் மேற்பரப்பு வாரக்கணக்கில் உறைந்து கிடக்கும். ஏர் ஸ்டோன் (பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் நுண்துளைக் கல்) அடித்தரையில் இருக்கிறது. அப்படியே ஓடவிடலாமா?

ஆழ்மடு: உடனே நிறுத்துங்கள். நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் அந்த நீர் அடியில் தங்கும். மீன்கள் அங்கேதான் அசையாமல் கிடக்கும். அடியிலிருந்து குமிழி விட்டால் மேலே உள்ள உறைநிலை நீரும் கீழே கலந்துவிடும். மீன்களுக்கு இருக்கும் ஒரே இடத்தையும் நாமே கெடுத்த மாதிரி ஆகும்.

நீர்க்குமிழி: நிறுத்தினால் பனிக்கட்டி மூடிபோல அடைத்துவிடும், அப்புறம்? அடியில் அழுகும் இலைதழை ஆக்சிஜனைத் தின்றுவிட்டு கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் விடும். அதெல்லாம் எங்கே போகும்?

ஆழ்மடு: ஐயா, குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், உறைநிலையில் 14க்கு மேல். மீனுக்கும் அப்போது தேவை குறைவு.

நீர்க்குமிழி: நீங்கள் சொல்வது கொள்ளளவு. அவ்வளவு இருக்கும் என்று யார் சொன்னது? பனிக்கட்டிமேல் வெண்பனி படிந்தால் வெளிச்சம் இறங்காது, பாசியும் செடியும் ஆக்சிஜன் தராது. காற்றும் படாது. பிறகு செலவு மட்டும்தான், வரவே இல்லை. பனி உருகியதும் மீன்கள் கூட்டமாக மிதப்பது இதனால்தான்.

ஆழ்மடு: சரி, வாயு வெளியேற ஒரு துளை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மிதக்கும் ஹீட்டர் போதுமே!

நீர்க்குமிழி: ஹீட்டர் மின்சாரத்தைக் குடிக்கும். துளையைத் திறந்து வைக்கும், நீரை அசைக்காது. ஸ்டோனை மேற்பரப்பிலிருந்து ஓர் அடி ஆழத்துக்குத் தூக்கி, குளத்தின் ஓரமாக வையுங்கள். துளையும் திறந்திருக்கும், அடிநீரும் பெரிதாகக் கலங்காது.

ஆழ்மடு: கடுங்குளிரில் அதுவும் மூடிக்கொள்ளும். நான் ஹீட்டர் பக்கம்தான்.

செங்கெண்டை: ஸ்டோனைத் தூக்கிவிடுகிறேன். மீறி மூடிக்கொண்டால் சுத்தியலால் உடைக்கலாமா?

நீர்க்குமிழி: வேண்டவே வேண்டாம், அதிர்வு மீன்களைத் தாக்கும். சுடுநீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டிமேல் வைத்தால் தானே உருகும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் ட்யூப் வழியாக நீர் உள்ளே ஏறிவிடும்.

ஆழ்மடு: இதில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. குமிழியைச் சுற்றி பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.