கார் லைசன்ஸ் இருந்தால் விமானம் ஓட்டலாமா?

மாங்குளத்தான்: கிளிநொச்சிப் பக்கத்து ஒருவர் நேற்று எழுதியிருந்தார்: “அமெரிக்காவில் கார் லைசன்ஸ் போதும், மெடிக்கல் (உடற்தகுதிச் சான்றிதழ்) தேவையில்லை. இரத்மலானைக்கு விமானம் ஓட்டப் படிக்கப் போகும் எங்கள் பிள்ளைகளைத்தான் கண், காது என்று சோதித்து அலைக்கழிக்கிறார்கள்.” பறக்க ஆசைப்படும் பிள்ளைகளை இப்படிக் குழப்பாதீர்கள். மெடிக்கலுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் அங்கேயும் கார் லைசன்ஸைக் காட்டிப் பறக்க முடியாது.

குளக்கட்டு: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். ஸ்போர்ட் பைலட் விதி, அதாவது சிறிய விமானங்களை ஓட்டுவதற்கான அமெரிக்க லைசன்ஸ் விதி, 2004 இலிருந்து இருக்கிறது. அதற்குக் கார் லைசன்ஸ் போதும். இதில் எது பொய்?

மாங்குளத்தான்: மேலே நல்ல நெல்லும் அடியில் பதரும் போட்டு மூட்டை கட்டியிருக்கிறீர்கள். ஸ்போர்ட் பைலட் ஒரேயொரு பயணியைத்தான் ஏற்றலாம். அதை ஏன் எழுதவில்லை? கடைசியாகக் கேட்ட மெடிக்கல் மறுக்கப்பட்டிருந்தால் அந்தச் சலுகையும் இல்லை.

குளக்கட்டு: சரி, மெடிக்கல் கேட்கவே கேட்காதவர்?

மாங்குளத்தான்: பறப்பைப் பாதிக்கும் நோய் தனக்கு இருப்பது தெரியாதவரை பறக்கலாம். மறுக்கப்பட்டவர் முடியாது.

குளக்கட்டு: அதைத்தானே நானும் சொன்னேன்! கேட்காதவருக்குத் தேவையில்லை.

வவுனியா வாசகி: இருவரும் பேசிக்மெட்டை (வழக்கமான மெடிக்கலுக்குப் பதிலாக அமெரிக்கா கொடுக்கும் இன்னொரு வழி) விட்டுவிட்டீர்கள். 2017 மே மாதம் வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சாதாரண வைத்தியரிடம் சோதனை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இணையப் பாடம். ஆனால் 2006 ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு ஒருமுறையாவது முறையான மெடிக்கல் பெற்றிருக்க வேண்டும்.

மாங்குளத்தான்: நன்றி தங்கச்சி. அதிலும் கடைசி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது. எங்கே போனாலும் அந்த ஒரு நிபந்தனை வந்து நிற்கிறது.

நெடுங்கேணி: அமெரிக்காவை விடுங்கள். இங்கே கார் லைசன்ஸுக்கே தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். எங்கள் மாமா கனரக லைசன்ஸுக்காக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு அலைகிறார். முதலில் அதைப் பேசுங்கள்.

குளக்கட்டு: அப்படிச் சொல்லுங்கள் தம்பி. மாங்குளத்து அண்ணை வன்னியில் இருந்துகொண்டு அமெரிக்கச் சட்டம் படிப்பிக்கிறார்.

மாங்குளத்தான்: அமெரிக்காவை இழுத்துவந்தது நீங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து வெள்ளநீரை விட்டபோதும் இப்படித்தான், பாதிச் செய்தியைப் போட்டு ஊரையே பதறவைத்தீர்கள்.

குளக்கட்டு: வான்கதவு திறந்ததா இல்லையா? அன்றும் நான் சொன்னது நடந்தது.

வவுனியா வாசகி: வான்கதவுச் சண்டைக்கு இதுவா இடம்?

மாங்குளத்தான்: சரி, பிள்ளைகளுக்குத் தேவையானதை எழுதுகிறேன். தனியார் விமானிக்கு, அதாவது சம்பளத்துக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்குப் பறப்பவருக்கு, வேண்டியது இரண்டாம் வகுப்பு மெடிக்கல். சர்வதேச விதியில் 40 வயதுக்குள் 60 மாதம் செல்லும், 40 தாண்டினால் 24 மாதம், 50 தாண்டினால் 12 மாதமாகக் குறைக்கச் சொல்லிப் பரிந்துரை. ஒவ்வொரு கண்ணிலும் 6/12 பார்வை (சாதாரணக் கண்ணுக்கு 12 மீற்றரில் தெரிவது 6 மீற்றரில் தெரிவது) வேண்டும், அதைக் கண்ணாடி போட்டும் எட்டலாம். கண்ணாடி போட்ட பிள்ளையை “உனக்குச் சரிவராது” என்று வீட்டிலேயே மறிக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்குக்கூட அமெரிக்கா 1996 இலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, அங்கே தனியார் விமானிக்குரிய மூன்றாம் வகுப்பு மெடிக்கல் கொடுக்கிறது. ஒளித்து ஓடத் தேவையில்லை. காணியை ஈடு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்ட முன்னர் மெடிக்கலை எடுங்கள், அவ்வளவுதான்.

நெடுங்கேணி: நிறவேற்றுமை தெரியாத பிள்ளைக்கு?

மாங்குளத்தான்: அதற்கும் சோதனை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரிடம் முதலிலேயே கேளுங்கள்.

குளக்கட்டு: கேட்டு மறுத்துவிட்டால் எல்லாக் கதவும் அடைபடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்ப கேட்காமல் இருப்பவன்தான் கெட்டிக்காரன்.

மாங்குளத்தான்: மேலே போய் மயங்கி விழுந்தால் யார் வீட்டுக் கூரையில் விழுவார் உங்கள் கெட்டிக்காரர்? விதியை வடிவாக வாசியுங்கள். நோய் தெரிந்தால் கேட்காதவரும் பறக்கக் கூடாது.

குளக்கட்டு: பேச்சை மாற்றாதீர்கள். நோய் எதுவும் தெரியாத, மெடிக்கல் கேட்காதவர் கார் லைசன்ஸோடு பறக்கலாமா, இல்லையா?

மாங்குளத்தான்: மறுக்கப்பட்டவர் முடியாது.