சால்மன் குறைவது சீலாலா, வலையாலா?

வெள்ளவத்தைவாசி: பால்டிக் கரையோர சால்மன் பற்றி ஓர் ஒப்படை எழுதுகிறேன். (கடையில் விற்கிற 'செமன்' டின் இல்லை, அதற்குள் இருப்பது மெக்கரல்!) மீனவர்கள் சீல், அதாவது கடல்நாய், மீனை முடிக்குது என்கிறார்கள். மற்றத் தரப்பு அளவுக்கு மீறிப் பிடித்ததுதான் காரணம் என்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சீலைச் சுடாமல் வலையைக் காக்க முடியுமா?

நங்கூரம்: தம்பி, வலைக்குச் சேதம் வேறு, மீன்வளம் அழிவது வேறு. வேட்டையும் பிசிபி எனும் தொழிற்சாலை இரசாயன நஞ்சும் சேர்ந்து 1970களில் அங்கே சாம்பல் சீலைச் சில ஆயிரமாகக் குறைத்துவிட்டன. அப்போதும் சால்மன் நலிந்துதான் கிடந்தது. மின்சார அணைகள் முட்டையிடும் ஆறுகளை மறித்தன, நடுக்கடலில் மிதவலை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்துபோகும் வலை, ஓடியது. மிதவலைக்கு எந்த மீன் எந்த ஆற்றுக்குரியது என்று தெரியாது. வளமான ஆற்று மீனோடு, நூறு தாய்மீன் மிஞ்சிய ஆற்று மீனும் அதே வலையில் ஏறும். அயர்லாந்து 2007இல் மிதவலையை நிறுத்தியது இதனால்தான். பால்டிக்கில் 2008இல் தடை வந்ததோ முக்கியமாகப் போர்ப்பாய்ஸ் என்ற சிறு கடற்பாலூட்டி வலையில் சிக்கியதால்.

மடிவலை: வலைக்கு வழி உண்டு. சுவீடனில் வந்த பொந்தூன் (மிதவை) பொறியில் மீன் சேரும் அறை அலுமினிய வளையங்களில் இழுத்துக் கட்டிய இரட்டை வலை. உள்வலைக்கும் வெளிவலைக்கும் இடைவெளி இருப்பதால் சீல் மூக்கால் அழுத்தினாலும் பல் மீனுக்கு எட்டாது. நூல் டைனீமா எனும் மிக உறுதியான செயற்கை இழை. சாதாரண நைலோனைச் சீல் கிழித்துவிடும். படகிலுள்ள கம்பிரசரால் மிதவைகளுக்குக் காற்றடித்தால் அறை மேலே வரும், கதவைத் திறந்து மீனைப் படகில் கொட்டலாம். வலை தொய்ந்தால் இடைவெளி போய்விடும், பொறி வாங்கியும் பயனில்லை. அறைக்கு முன்னுள்ள பகுதியில் வலைக்கண் பெரிதாக இருக்கட்டும். சிறு கண்ணென்றால் துரத்தப்படும் சால்மன் அதிலேயே சிக்கி சீலுக்கு விருந்தாகும்.

தூண்டில்: நங்கூரம் அண்ணை சொன்னது பாதிதான். மீன் நெருங்கி நிற்கும் ஒடுக்கமான இடத்தில் சில விலங்குகளே போதும். சியாட்டிலின் பலார்ட் மதகில் 1980களில் சீலின் உறவான கடற்சிங்கங்கள், கடலுக்குப் போய்வரும் ட்ரவுட் மீனான ஸ்டீல்ஹெட்டைத் தின்றன. பட்டாசு போட்டார்கள், அவற்றைத் தின்னும் ஓர்க்காத் திமிங்கிலத்தின் போலி உருவை மிதக்கவிட்டார்கள். பிடித்துக் கலிபோர்னியாக் கடலில் விட்டால் வாரக்கணக்கில் திரும்பி வந்தன. கொலம்பியா ஆற்றில் இதற்காகவே 1972ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தை 2018இல் திருத்திக் கடற்சிங்கங்களைக் கொல்ல அனுமதியை விரித்தார்கள்.

இன்னொன்று: உணவு ஆய்வில் சீலின் எச்சத்தில் மீனின் காதுக்கல்லை, அதாவது மீன் தலைக்குள் இருக்கும் சிறு கல்லை, எண்ணுவார்கள். பெரிய சால்மனின் தலையைச் சீல் தின்னாமல் விட்டால் கல்லே வராது, கணக்குக் குறையும். டிஎன்ஏ செய்த ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைவாசி: சீலை விரட்டும் ஒலிக்கருவி பூட்டினால்?

மடிவலை: தொடக்கத்தில் விலகும். பசித்த சீல் பழகிவிடும். பிறகு சத்தம் வந்தால் அங்கே மீன் உண்டு என்றுதான் அதற்கு அர்த்தம். முதலில் பொறி, ஒலி அதற்குத் துணையாக மட்டும்.