லாங் பிராஞ்ச் எண் 4 லீ-என்ஃபீல்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது செலவுக்குத் தகுமா?

டொராண்டோ பக்கம் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களே, உங்கள் கருத்து தேவை. என்னிடம் இருக்கும் இந்த லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கி, கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் 1943-இல் செய்தது. யாரோ வேட்டைக்காக முன்கட்டையை (குழலுக்குக் கீழே ஓடும் மரம்) அறுத்துச் சுருக்கியிருக்கிறார்கள். நல்லவேளை, குழலை வெட்டவில்லை: 25.2 அங்குலமும் இருக்கிறது, பயோனெட் மாட்டும் முளைகளும் அப்படியே உள்ளன. குழல் வெட்டுப்பட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அப்படியே விட்டிருப்பேன். போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடி எண்ணும் உடல் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) எண்ணும் ஒன்றே.

தேவைப்படுபவை: முழு முன்கட்டை, மேல் மரக் கவசம் இரண்டு, நடுப்பட்டை, முன்பட்டை, முன்குறிக் காப்பு, திருகுகள். தனித்தனியாகச் சேர்த்தால் கை படாத துப்பாக்கியின் விலையை நெருங்கிவிடும் என்பதுதான் தயக்கம். மரத்தை மாட்டுவதும் எளிதல்ல. பின்முனையில் உடலைத் தாங்கும் இரு பரப்புகளும் சமமாகப் பதியாவிட்டால் குறி சிதறும், கட்டையும் பிளக்கும். குழல் முனையை மரம் 3 முதல் 5 பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்க வேண்டும்.

கேட்க விரும்புவது:

குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்கள் இரண்டே. போர்க்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், அது குறையல்ல. ஆனால் தோட்டா அமரும் அறை அருகே துருக்குழிகள் இருக்கின்றன. இது விலையை எவ்வளவு இறக்கும்?

ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) 0.074 அங்குல அளவியைத் தாண்டுகிறது, அதாவது அதிகம். இப்போதிருப்பது 1-ஆம் எண் போல்ட் தலை. அதைவிட நீளமான 2 அல்லது 3-ஆம் எண் தலை யாரிடமாவது உண்டா? அது சரியாகும்வரை சுடப்போவதில்லை.

வால்நட் கட்டை கிடைக்காவிட்டால் பிர்ச் போடலாமா, மதிப்பு குறையுமா?