ஓவியக் கலரியோடு இங்கிலிஷில் கதைத்துப் படம் வரைவித்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

கொக்குவிலான்:
அப்பாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு எங்கள் பழைய நாற்சார் வீட்டை வரைவித்துக் கொடுப்பதென்று முடிவு. வீடு இப்போது இல்லை, இரண்டு புகைப்படம்தான் மிச்சம். கொழும்பில் ஒரு கலரிக்குப் போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் கொப்பித் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கதைத்தேன். நல்லாகத்தான் போனது. அப்புறம் அந்த மிஸ் கேட்டா: "சோ, யூ வோண்ட் டு கொமிஷன் எ பெயின்டிங்?"

எங்கள் பக்கத்தில் கொமிஷன் என்றால் காணித் தரகர் வாங்குவது. இடையில் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்தியே சொன்னேன்: "நோ, நோ. நோ கொமிஷன். ஒன்லி பெயின்டிங்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு மெல்ல, "யூ டோண்ட் வோண்ட் டு கொமிஷன் இட்?" "யெஸ். டோண்ட் வோண்ட்." நன்றி சொல்லி வைத்துவிட்டா. நான் வென்றுவிட்டேன் என்று தேத்தண்ணி குடித்தேன்.

இரவு மகளுக்குச் சொன்னால் அவள் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. சொல்லி வரைவிப்பதற்கே அதுதான் பெயராம். மறுநாள் திரும்ப எடுத்தேன், அதே குரல். "வீ ஸ்போக் யெஸ்டர்டே, ஐ திங்க்" என்றா. "நோ, தட் வோஸ் மை பிரதர்" என்று வாயில் வந்துவிட்டது. "ஓ, யூ சவுண்ட் எக்ஸாக்ட்லி த சேம்" என்றா. படம் முடியும் வரை மூன்று மாதம், ஒவ்வொரு முறையும் தம்பியைச் சுகம் விசாரித்தா. எனக்குத் தம்பியே இல்லை.

உரும்பிராய் அக்கா:
அண்ணை, உங்களுக்குப் படமாவது சரியாக வந்தது. நான் கேட்டது அம்மா கிணற்றடியில் இருக்கிற மாதிரி, பின்னால் துலா, வாழை, முழு வளவும். செற்றிக்கு மேலே மாட்ட. அகலம் 36 அங்குலம், உயரம் 24. "36 பை 24" என்று எழுதி அனுப்பினேன். கலரியில் "போர்ட்ரெயிட் ஓர் லாண்ட்ஸ்கேப்?" என்று கேட்டார்கள். அம்மாவின் முகம்தானே முக்கியம், "போர்ட்ரெயிட்" என்றேன்.

கலரிக்காரர் உயரத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். போர்ட்ரெயிட் என்றால் நெடுக்குப் படமுமாம். என் இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டது. பெட்டியை உடைத்துப் பார்த்தால் அம்மா இருக்கிறா, கிணறு இருக்கிறது, மேலே வெறும் வானம். துலாவைக் காணவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் "தண்ணி எப்படி அள்ளுறது?" என்று கேட்கிறார்கள்.

நல்லூர்க்காரன்:
முதலில் எழுதிய அண்ணை தன்னைப் பகிடி பண்ணுகிறார், ஆனால் அவர் முழுப் பிழை இல்லை. கலரியும் விற்கிற விலையில் தன் பங்கை எடுக்கும், பாதி வரை எடுக்கிற இடங்களும் உண்டு. அதற்கும் கொமிஷன் என்றுதான் பெயர். அதனால் "நோ கொமிஷன்" என்றதும் அந்த மிஸ் ஏன் திகைத்திருப்பா என்று யோசியுங்கோ.

யாரும் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். போனில் கதைக்காதீர்கள், ஈமெயில் எழுதுங்கள். அளவுக்குப் பக்கத்தில் "ஹை", "வைட்" என்று சொல்லாகவே எழுதுங்கள், அங்குலமா சென்ரிமீற்றரா என்பதும் வேண்டும். எண்ணெய் வர்ணமா அக்ரிலிக்கா என்று முதலிலேயே கேளுங்கள். அக்ரிலிக் அன்றைக்கே காயும். எண்ணெய் தொட்டுப் பார்க்கக் காய்வதற்கே நாட்கள், வாரங்கள் போகும். வார்னிஷ் பூச 6 மாதத்துக்கு மேல் பொறுக்கச் சொல்வார்கள். கனடாவுக்குச் சுருட்டி அனுப்புவதென்றால் வர்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுருட்ட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்தால் சேலையின் நிறத்தை எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் நினைத்ததுதான் நிறம். முற்பணம் எவ்வளவு, முதல் வரைவை எப்போது காட்டுவார்கள், எத்தனை தரம் மாற்றலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் கதை சின்னது. தாத்தாவை அவர் பிறந்ததிலிருந்து கண்டிராத வெள்ளை நிறத்தில் வரைந்து தந்தார்கள்.

மானிப்பாய்:
நல்லூர் அண்ணை, ஈமெயில் எழுதத் தெரிந்தால் நாங்கள் ஏன் இங்கே அழுகிறோம்? மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடத்திலேயே ஓவியம் படிப்பிக்கிறார்கள், அங்கே படித்த பிள்ளைகளிடம் தமிழில் கேட்கலாம். இல்லாவிட்டால் கொழும்பில் 1993 முதல் நடக்கிற கலா பொல என்ற வருடாந்த ஓவியச் சந்தைக்குப் போனால் தெருவோரத்திலேயே ஓவியரைக் கண்டு கதைக்கலாம். அந்தத் தெருவுக்கே கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தபோது அல்பம் எல்லாம் போய்விட்டது. தம்பியின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் அம்மாவின் பேர்ஸில் இருந்தது. அதைக் கொடுத்து வரையச் சொன்னேன். கலரியில் இருந்து வீடியோ கோல் எடுத்து வரைவைக் காட்டினார்கள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான், பல் தெரிய. அவன் அப்படிச் சிரிக்கிறவன் இல்லை. வாயை மூடிக்கொண்டு, ஒரு பக்கக் கன்னத்தால் மட்டும் சிரிப்பான். அதை இங்கிலிஷில் எப்படிச் சொல்கிறது? "எனி சேஞ்சஸ்?" என்று மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் "நைஸ், வெரி நைஸ்" என்றேன்.

படம் வந்த அன்று அம்மா கனநேரம் பார்த்துவிட்டு, "வடிவான பிள்ளை, ஆர் இது?" என்றா.

உரும்பிராய் அக்கா:
ஐயோ பிள்ளை.

நல்லூர்க்காரன்:
அக்ரிலிக் என்றால் வாயை மட்டும் இப்போதும் திருத்தலாம், தங்கச்சி. மேலாலே பூசுவார்கள். படத்தைப் பின்பக்கத்தோடு சேர்த்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கோ, நான் எழுதித் தாறன்.

கொக்குவிலான்:
நல்லூர்த் தம்பி, அப்படியே இதையும் சொல்லுங்கோ. எங்கள் வீட்டுப் படத்தில் கூரை மட்டும் தொட்டால் இன்னும் ஒட்டுகிறது. கலரிக்கு எடுத்துக் கேட்கப் பயமாக இருக்கிறது, தம்பியைப் பற்றிக் கேட்பா.