துடைப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்: வளாகத்தில் நூலிழையில் தப்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

ஆய்வக உதவியாளர், புதுச்சேரி:

வணக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராக 17 வருடமாக இருக்கிறேன். வளாகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு சம்பவத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா பாகூரிலிருந்து பஸ்ஸில் வருவார். காலை 7 மணிக்கெல்லாம் லேபில் இருப்பார். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில்தான் அவருடைய துடைப்பம், மாப், வாளி, சாப்பாட்டுப் பை எல்லாம் இருக்கும். எங்கள் கழிவுப் பாட்டில்களும் அங்கேதான். இடம் போதவில்லை என்று அப்படி வைத்தோம். அதில் என்ன தப்பு என்று அதுவரை எனக்கும் தோன்றவில்லை.

முந்தின நாள் இரவு ஒரு மாணவர் மிச்சமிருந்த நைட்ரிக் அமிலத்தைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டிலில் ஏற்கெனவே கொஞ்சம் அசிட்டோன் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் சில சமயம் உடனே பொங்கும். சில சமயம் வெகுநேரம் சத்தமே இருக்காது. உள்ளே மெல்லச் சூடேறி, பழுப்புப் புகை கிளம்பி, வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் கூடிக்கொண்டே போகும்.

அன்று அக்காவின் பஸ் அரை மணி நேரம் லேட். நான் போய்க் கதவைத் திறந்தால் அலமாரிக் கதவு கீலோடு பிய்ந்து கிடக்கிறது. கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவர் வரைக்கும் சிதறியிருக்கிறது. நெடி கண்ணைக் கரித்ததால் உள்ளே போகவில்லை. வெளியே இருந்த சுவிட்சில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் போய்ப் பார்த்தபோது அக்காவின் நீல வாளியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. வாளிக்குள்ளே ஒரு பழுப்புக் கண்ணாடித் துண்டு. தினமும் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்துதான் அவர் துணி பிழிவார். வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற வாளி குடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை.

மேலே போய்ச் சொன்னால், "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு லேட்டான பஸ். அதைத்தான் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதவில்லை.

இன்னொன்று. பாட்டிலின் மேல் ஆங்கிலத்தில் மட்டும் ஏதோ கிறுக்கியிருந்தது. அக்கா தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் வாசிப்பவர். தினமும் அந்தப் பாட்டிலை நகர்த்தித் துடைத்தவரிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. இப்போது அமிலத்துக்குத் தனிப் பாட்டில், அசிட்டோன் மாதிரியான கரைப்பான்களுக்குத் தனிப் பாட்டில், இரண்டும் வெவ்வேறு அலமாரியில். எல்லாவற்றிலும் தடித்த மார்க்கரில் தமிழில் எழுதியிருக்கிறோம். துடைப்பமும் வாளியும் வராந்தாவுக்குப் போய்விட்டன.

உங்கள் இடத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாத சம்பவமானாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி:

அண்ணா, வாளியைப் பற்றிப் படித்ததும் எங்கள் லிஃப்ட் ஞாபகம் வந்தது.

திரவ நைட்ரஜன் கேனைத் தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு லிஃப்டில்தான் கொண்டுபோவோம். மைனஸ் 196 டிகிரி. கை வெந்துவிடும் என்று கையுறை போடுவோம், அதோடு எங்கள் கவனம் முடிந்துவிடும். ஒரு மே மாத மத்தியானம் நானும் கேனும் உள்ளே. கேன்டீன் அண்ணன் டீ ஃபிளாஸ்கோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார். இரண்டாம் மாடி தாண்டியதும் கரன்ட் போய்விட்டது. இருட்டு. கேனின் மூடி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை கால் பக்கம் இறங்குகிறது. "என்னம்மா இது, ஜில்லுனு இருக்கு" என்று அவர் குனிந்து பார்க்கிறார். குனியாதீங்க என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை.

ஜெனரேட்டர் போட்டு லிஃப்ட் நகர்ந்துவிட்டது. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. எங்கள் லிஃப்டின் உள்ளளவு மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். கேன் சாய்ந்து இரண்டு லிட்டர் கொட்டியிருந்தாலே, காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 15க்குக் கீழே போயிருக்கும். நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் மயங்கி விழுந்துவிடுவோம்.

இப்போது கேன் மட்டும் தனியாக ஏறும். கீழே ஒருவர், மேலே ஒருவர் நிற்போம். நடு மாடியில் யாரும் ஏறிவிடாதபடி கேனின் கழுத்தில் "இதோடு ஏறாதீங்க" என்று ஒரு அட்டை. நான் அட்டையை எழுதிக்கொண்டிருந்தபோது, எழுத்து இன்னும் பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னவர் அந்தக் கேன்டீன் அண்ணன்தான்.

விடுதிக் காப்பாளர், கடலூர் பக்கம்:

நான் சொல்லப்போவது என் தவறு. மறைக்க விரும்பவில்லை.

விடுதியில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. கான்ட்ராக்டர் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். "லாரி வர நாளாகும் சார், பையன் இறங்கி ஒரு குத்துக் குத்திட்டா சரியாயிடும்" என்றார். 200 பசங்க காலையில் குளிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். அந்தப் பையன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கயிறு கட்டிவிட்டான். மெஸ்ஸில் சமைக்கும் அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்து மூடியின் மேல் ஏறி நின்றுகொண்டார். "எங்க ஊர்ல ரெண்டு பேர் இப்படித்தான் போனாங்க. முதல்ல ஒருத்தன் இறங்கினான், வரல. அவனத் தூக்கப் போனவனும் வரல. நான் நவுர மாட்டேன்" என்றார்.

அந்தத் தொட்டியில் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவன்தான் சாகிறான். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். சமையல்கார அம்மாவுக்கு எந்தச் சட்டமும் தெரியாது, ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. மறுநாள் லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சியது. பசங்க ஒரு நாள் பக்கத்து விடுதியில் குளித்தார்கள். அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன், புதுச்சேரி:

புயலுக்கு அப்புறம் ஜாக்கிரதை. 2011 டிசம்பர் 30 தானே புயலும் பார்த்தேன், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலும் பார்த்தேன். ஃபெஞ்சலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்ததும் மரம் வெட்டத் தோட்டக்காரர்களை அனுப்பிவிட்டார்கள். வேப்பங்கிளை வயர் மேல் கிடக்கிறது. "கரன்ட்தான் இல்லையே" என்று ஒருவர் அரிவாளை ஓங்கிவிட்டார். நான் கத்தி நிறுத்தினேன். அடுத்த கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் சரியாக மாற்றப்படாவிட்டால் அந்தக் கரன்ட் திரும்பி லைனுக்கு வரும். டெஸ்டர் வைக்காமல், ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் நான் எந்த லைனையும் தொட மாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன்.

ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி:

அண்ணா, அக்காவுக்கு வாளி கொடுத்தார்களா? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

ஆய்வக உதவியாளர், புதுச்சேரி:

வாளி நான் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த கேள்வியை அக்காவிடமே கேட்டேன். சம்பளத்தில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் என்றார், ஆனால் கையில் கார்டு இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்தத் திட்டத்தில் வருவார்கள் என்பதே அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். மேஸ்திரியிடம் நானும் கூடப் போய் நின்றேன். மூன்றாவது முறை போனபோது எண்ணை எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டை லேமினேட் செய்து சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறார்.

காப்பாளர் ஐயா, உங்கள் சமையல்கார அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நேற்றுக் காலை அக்கா என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு ஒரு பாட்டிலைக் காட்டினார். தொடவில்லை, இரண்டடி தள்ளி நின்று விரலை மட்டும் நீட்டினார். "இதுல பேரே எழுதலையே தம்பி" என்றார். யாருடைய பாட்டில் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.